மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம்

(நீலகிரியில் கோத்தகிரி அருகே, தேயிலை பறிக்கும் பெண்களின் குழுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

"டீ குடித்தால் தோல் பளபளப்பாகுமா, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று உங்கள் குழுத் தலைவி கேட்டுக்கொண்டார். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் சிலர் கிரீன் டீ பாக்கெட் வாங்கி வைத்து, காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்களாம். முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் எனக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது.

அந்தப் பாக்கெட்டில் இருப்பதும் உங்கள் கூடையில் விழுகிற கொழுந்தும் ஒரே செடியின் இலைதான். ஃபாக்டரியில் கொழுந்தை வாட்டி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி உருளையில் விட்டு, காற்றுப் பட விடுகிறார்கள். இலை பழுப்பாகிறது. அதை உலர்த்தினால் நம் டீத்தூள். பழுப்பாக விடாமல் முதலிலேயே ஆவியிலோ சூட்டிலோ வதக்கி உலர்த்தினால் கிரீன் டீ. பச்சை இலையில் கேட்டச்சின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. பழுப்பாகும்போது அதில் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. பால் சேர்க்காத கட்டன் டீயின் செம்மை அதனால் வருவதுதான்.

இந்தக் கேட்டச்சினை வைத்துத் தோலைச் சோதித்திருக்கிறார்கள். 2011-இல் ஜெர்மனியில் 60 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தினம் சுமார் 1,400 மில்லிகிராம் கேட்டச்சின் உள்ள பானத்தைப் 12 வாரம் கொடுத்தார்கள். புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் சிவப்பது அவர்களுக்குக் கால் பங்கு குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த அளவு வேண்டுமென்றால் நீங்கள் நாள் முழுக்க கப் கப்பாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் இதேபோல 12 வாரம் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவே இல்லை. அதனால் நான் சொல்வது இதுதான்: பிடித்திருந்தால் கிரீன் டீ குடியுங்கள், முகத்துக்காக என்று காசு செலவழிக்க வேண்டாம். அதையே மாத்திரையாக விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். அந்தச் சாற்றை அதிக அளவில் மாத்திரையாக விழுங்கியவர்கள் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது.

சரி, முகம் ஏன் மங்குகிறது? இங்கே நாம் இருப்பது சுமார் 1,800 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். குளிர் அடிப்பதால் வெயில் சுடுவது நமக்கு உறைப்பதில்லை. தலையில் கட்டுகிற துண்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக் கன்னத்தையும் மூடிக் கட்டுங்கள். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எந்த டீயும் இந்த அளவுக்கு உதவாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பக்கத்தில் இருப்பவரின் கீழ் இமையை விரலால் மெதுவாகக் கீழே இழுத்துப் பாருங்கள். உள்ளே செக்கச் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி, சோற்றுக் கஞ்சி மாதிரி இருந்தால் ரத்தம் குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இங்கே நூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஐம்பது பேருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, முகம் களையிழந்து கிடக்கிறது. அதற்கு நாம் கிரீன் டீ தேடிப் போகிறோம்.

நான் வேலையில் இருந்தபோது, எஸ்டேட் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், ஒரு லயன் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதக் கர்ப்பிணிப் பெண். ரத்த அளவு, அதாவது நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின், 8 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். "ஒரு நாள் விட்டதில்லைக்கா" என்று அட்டையை எடுத்துக் காட்டினாள். உண்மைதான், வரிசையாகப் பிரித்திருந்தாள். எனக்குப் புரியவே இல்லை. கிளம்பும் நேரத்தில் அடுப்பிலிருந்து டீயை இறக்கி எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினாள், தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினாள். சிவப்பு மாத்திரையை வாயில் போட்டு, அந்த டீயை ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். "டீன்னா வாடை தெரியாதுக்கா" என்றாள். நான் அதுவரை எத்தனையோ வீடுகளில் மாத்திரையை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். எதோடு விழுங்குகிறீர்கள் என்று ஒரு வீட்டில்கூடக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு கிளாஸ், இரண்டிலும் பால் ஊற்றாத டீ. ஒரு கிளாஸில் மட்டும் ஒரு இரும்புச் சத்து மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்குகிறேன். கொஞ்சம் பொறுங்கள். நிறம் மாறுகிறதா? பின்னால் இருப்பவர்களும் எழுந்து வந்து பாருங்கள். செம்மை போய்க் கறுத்து, மை மாதிரி ஆகிறது. டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. குடலிலும் இதுதான் நடக்கிறது. பிடிபட்ட இரும்பு ரத்தத்துக்குப் போகாமல் வெளியே போய்விடுகிறது. சாப்பாட்டோடு கட்டன் டீ குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பால் சேர்த்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது, அதையும் பார்த்துவிட்டார்கள்.

அப்படியென்றால் முருங்கைக் கீரையும் ராகியும் சமைத்துச் சாப்பிட்டு, கை கழுவிய கையோடு டீ குடிக்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

டீயை விடச் சொல்ல நான் வரவில்லை. நம் பிழைப்பே அதில் இருக்கிறது, காலைக் குளிருக்கு அது இல்லாமல் எப்படி மலை ஏறுவது? தள்ளிக் குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன். 2017-இல் இங்கிலாந்தில் இளம் பெண்களிடம் சோதித்தார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தபோது இருந்த தடை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தபோது பாதியாகக் குறைந்தது. ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கேட்கிறேன். மாத்திரையை ராத்திரிச் சாப்பாடு முடித்துப் படுக்கப் போகும்போது தண்ணீரில் விழுங்குங்கள். அந்த நேரத்தில் யாரும் டீ போட மாட்டோம். கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். அதை இதோடு சேர்க்காமல் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். கீரை சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும்.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு டீக்கு எட்டு ஸ்பூன். ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூனுக்குள், அதாவது 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிஸ்கட், வர்க்கி எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஆறு. சர்க்கரை கூடினால் சிலருக்கு முகப்பரு கிளம்பும். தோலுக்கு டீயில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் பெரியவர்கள் தேத்தண்ணிக்குள் சீனி போட மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நாக்கில் தொட்டுக்கொண்டு பிளேன்டீ குடிப்பார்கள். கிளாஸ் காலியாகும்போது கையில் இன்னும் சீனி மிச்சம் இருக்கும்.

கொதிக்கக் கொதிக்க விழுங்க வேண்டாம், கொஞ்சம் ஆற்றிக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கிற பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும் என்று 2016-இல் எச்சரித்திருக்கிறார்கள். தூக்கம் வராதவர்கள் ஐந்து மணிக்கு மேல் டீ வேண்டாம்.

இன்னொன்று. கொழுந்து பறிக்கப் போகும் இடத்தில் கழிப்பறை இல்லை என்பதால் மதியம் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறீர்கள், காலையில் குடித்த டீயோடு சரி. எனக்கு அது தெரியும். சிறுநீர்க் கடுப்போடு வந்தவர்களை எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! குழுவாகச் சேர்ந்து இதைக் கேட்டு வாங்க வேண்டும். மனு எழுத நான் கூட இருக்கிறேன்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று முன்வரிசை அக்கா கேட்கிறார். மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினாள். டீயை விடவில்லை. ஒன்பதாம் மாதம் பார்த்தபோது பத்தரைக்கு வந்திருந்தது. பெண் குழந்தை.

வெளியே திண்ணையில் நம் செவிலியர் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்தான் எடுப்பாள், உடனே அளவு சொல்லிவிடுவாள். முதலில் அங்கே போய் வாருங்கள். டீ கேனில் இருக்கிறது, சூடாகவே இருக்கும்.