சுமைதாங்கிக் கல்லுக்கு மேற்கு

நேயர்களுக்கு வணக்கம். ஊரில் இருக்கும் பழைய வீடு, நிலத்தின் கதையைத் தேட எங்கிருந்து தொடங்குவது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள் என்பேன்.

மூலப்பத்திரம் கிடைத்தால் பெயரையும் கிரயத் தொகையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். நான்கெல்லையை நிதானமாகப் படியுங்கள். வாய்க்கால், பனைமரம், பக்கத்து நிலக்காரர் என்று அன்றைய ஊரே அதில் இருக்கும். எங்கள் புன்செய்ப் பத்திரத்தில் ஓர் எல்லை, "சுமைதாங்கிக் கல்லுக்கு மேற்கு" என்றிருந்தது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க, இரண்டு கல்லை நட்டு மேலே குறுக்கே ஒரு கல்லை வைப்பார்களே, அதுதான். அப்படி ஒரு கல்லை நான் அங்கே பார்த்ததே இல்லை.

சரி, தேடலாம் என்றால் பத்திரத்தில் இருந்த புல எண்ணுக்கும் (சர்வே எண்) இன்றைய பட்டாவுக்கும் பொருந்தவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆரில், ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின. உட்பிரிவு எண்களும் பல இடங்களில் மாறின. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டுவது 'அ' பதிவேடு. அதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

உங்கள் நிலம் முன்பு இனாமாக, அதாவது வரியை நீக்கியோ குறைத்தோ கொடுத்த மானிய நிலமாக, இருந்ததென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிய பதிவேடுகள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மானியத்தைக் கொடுத்தது யார், கோயில் விளக்குக்கா, தண்ணீர்ப் பந்தலுக்கா, அப்போது அனுபவித்தது யார் என்பதையெல்லாம் அதில் தேடலாம்.

எங்கள் நிலம் இனாம் இல்லை. புலப்படத்தை எடுத்துக்கொண்டு எல்லையோடு நடந்தோம். வேலிக்காத்தான் புதருக்குள் ஒரு கல் நின்றது. அதன் ஜோடி சாய்ந்து கிடந்தது. மேலே இருக்க வேண்டிய குறுக்குக் கல்லைக் காணோம். அப்புறம்தான் புரிந்தது, வாய்க்காலைத் தாண்ட இத்தனை வருடமும் நாங்கள் மிதித்து நடந்த பலகைக் கல்தான் அது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுகிற கல் அல்லவா!

அத்தையிடம் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு வாழ வந்த பொண்ணுன்னு எங்க ஆத்தா சொல்லும்டா" என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. பத்திரங்களில் எங்குமே இல்லை. அடுத்து ஊரின் பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டப் போகிறேன்.