எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் பேசினது பாதி, வீட்டுக்கு வந்து எழுதும்போது ஞாபகம் வந்தது மீதி.)

விழாத் தலைவரும், பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய கணக்கு மார்க்கை இன்றுவரை மறக்காதவருமான தலைமையாசிரியர் ஐயா அவர்களே, குடிதண்ணீர்க் குழாய் உடைந்த அன்றே ஆள் அனுப்பி அடைத்த ஊராட்சித் தலைவர் அக்கா அவர்களே, ஜமாத் தலைவர் பாய் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை முடித்த கையோடு வந்திருக்கும் ஃபாதர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா அவர்களே, நூலகர் தம்பி அவர்களே, டிப்போவிலிருந்து வருகிறேன் என்று சொல்லி இன்னும் வந்து சேராத அதிகாரி அவர்களே (அவருக்கும் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது), அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய துண்டு நல்ல துண்டு. குளிக்க ஆகும்.

‘கொள்ளைநோய்க் காலமும் தனிமனித உரிமையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சட்டம், தடுப்பூசி, கட்டுப்பாடு மூன்றைப் பற்றியும் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறது. என்னைக் கேட்டுப் போடவில்லை, இருந்தாலும் பார்க்கிறேன்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்லுவாள். இது வெறும் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன், நிஜமாகவே நடந்திருக்கிறது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது, அது எலியோடு வருகிற நோய். அடுத்த வருஷமே, 1897-ல், வெள்ளைக்காரன் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டான். நாலே நாலு பிரிவு. அதில் நாலாவது என்ன தெரியுமா? இந்தச் சட்டப்படி நல்லெண்ணத்தோடு எது செய்தாலும் செய்தவர்மேல் வழக்குப் போட முடியாது. புனாவில் பட்டாளத்துக்காரன் வீட்டுக்குள் நுழைந்தான், சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தான், பெண்களை அவமானப்படுத்தினான் என்று ஜனங்கள் கொதித்தார்கள். பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் அந்த வருஷம் ஜூன் 22 ராத்திரி சுடப்பட்டார். சுட்ட சாபேக்கர் சகோதரர்கள் தூக்குக்குப் போனார்கள், அப்போது பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகர் ஜெயிலுக்குப் போனார். 2020-ல் நமக்கு வைரஸ் வந்தபோது அரசாங்கம் அலமாரியிலிருந்து எடுத்ததும் அதே 1897 சட்டத்தைத்தான், கூடவே 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும்.

அரசியல் சட்டம் 19-வது பிரிவு, இந்தியா முழுக்கத் தடையில்லாமல் போய்வர உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அதே பிரிவுதான் சொல்கிறது. எல்லாச் சண்டையும் இந்த ‘நியாயமான’ என்ற சொல்லில் இருக்கிறது. இங்கே எங்கள் அத்தான் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அத்தான் வீடு திருநெல்வேலி மாவட்டம். ரோட்டைத் தாண்டினால் தூத்துக்குடி மாவட்டம், அங்கேதான் அவர் தொழுவும் வைக்கோல்படப்பும். 1986-ல் மாவட்டத்தைப் பிரித்துக் கோடு போட்டார்கள், 34 வருஷமாக அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 2020 ஜூலையில் அதன்மேல் இரும்புத் தடுப்பு வந்துவிட்டது. மாடு அந்தப் பக்கம், அத்தான் இந்தப் பக்கம். போக வேண்டுமானால் இ-பாஸ். அத்தான் மகன் போனில் தட்டிப் பார்த்தான். கல்யாணமா, சாவா, மருத்துவமா என்று கேட்கிறது. மாடு என்று ஒரு கட்டம் இல்லை. மருத்துவம் என்று போட்டார்கள், நோயாளி பெயர் கேட்டது. மகன் ‘லட்சுமி’ என்று போட்டான். ஆதார் கேட்டது!

சரி என்று அத்தான் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, “லெச்சுமீ… லெச்சுமீ…” என்று கத்துகிறார். அதுவோ கம்பியில்லாத இடமாகப் பார்த்து ஓரமாக நடந்து வந்து ரோட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. காவலுக்கு நின்ற ஏட்டையா வடக்கத்திப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். “அண்ணாச்சி, மாட்டுக்கு இ-பாஸ் வேண்டாம், உங்களுக்குத்தான் வேணும்” என்றார். அப்புறம் அவரே யோசித்து, “வீட்ல தூக்குவாளி இருக்கா? பால் அத்தியாவசியப் பொருள், பால்காரருக்குத் தடை கிடையாது” என்று வழி சொன்னார். அன்றிலிருந்து அத்தான் தினமும் காலையும் சாயங்காலமும் தூக்குவாளியோடு போவார், வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு அதே வாளியோடு வருவார். பத்து நாள் கழித்து ஏட்டையா மெதுவாகக் கேட்டிருக்கிறார், “அண்ணாச்சி, வீட்ல பச்சைக்குழந்தை இருக்கு, காலாழாக்குப் பால் கிடைக்குமா?” அத்தான் முழித்திருக்கிறார். மாடு வத்திப் போய் ரெண்டு மாசம் ஆகியிருந்தது!

இதைக் கேட்டுச் சிரித்தீர்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தடுப்பில் நின்றது ஒரு நல்ல ஏட்டையா. அதற்கு முந்தின மாதம், ஜூனில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சாத்தான்குளத்தில், குறித்த நேரத்துக்குக் கடையை மூடவில்லை என்று சொல்லி போலீஸ் அழைத்துப் போன தகப்பனும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. நியாயமான கட்டுப்பாடு, தடுப்பில் நிற்கிற ஆளின் குணத்தைப் பொறுத்து இருக்கலாமா?

இதைச் சொன்னதால் நான் கட்டுப்பாடே வேண்டாம் என்கிற கட்சி என்று நினைக்காதீர்கள். என் மூக்கு என் சொந்தம், என் தும்மல் ஊருக்குப் பொது. 2021 ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்குப் போன பெரியப்பா மகன் அண்ணன் மே மாதம் போய்ச் சேர்ந்தார், அந்த மண்டபத்தில் அரசாங்கம் சொன்ன கணக்கைப் போல மூன்று மடங்கு கூட்டம். யாராவது வாசலில் நின்று முரட்டுத்தனமாகத் திருப்பி அனுப்பியிருந்தால் அண்ணன் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பார். ஆகவே எலியைப் பிடிக்கத்தான் வேண்டும். வீட்டை ஏன் கொளுத்துகிறாய் என்பதுதான் ஆச்சியின் கேள்வி.

தடுப்பூசி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ஆம் தேதி, யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று சொன்னது. அதைப் பற்றி நிறையப் பேசலாம், டாக்டரம்மாவும் மேடையில் இருக்கிறார், அதை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கேட்க வேண்டியது வேறு. பூட்டினவனிடம் திறக்கும் தேதியைக் கேட்டோமா? டாஸ்மாக்கை 2020 மே 7-லேயே திறந்தார்கள். கோர்ட்டு மூடச் சொன்னது, பத்து நாளுக்குள் மறுபடி திறந்துவிட்டார்கள், அவ்வளவு அக்கறை. செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள் பஸ் ஓடலாம் என்றார்கள். ரெண்டு வருஷம் ஓடாத நெல்லையப்பர் ஆனித் தேர்கூட 2022-ல் ஓடிவிட்டது. எங்கள் ஊர்க் காலை 6.10 டவுன் பஸ் மட்டும் 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான்! டிப்போவில் போய்க் கேட்டால், “அது கொரோனால நிறுத்தினது சார்” என்கிறார்கள், ஏதோ கொரோனா இன்னும் அந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அந்த பஸ்ஸில் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியும். சுற்றின பீடியைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நாலு பேர். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போட முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று சர்க்கரை நோய்க்காரப் பெரியம்மா. காலேஜ் பிள்ளைகள், சன்னலோரத்தில் பூக்கூடை. 2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்று உத்தரவு வந்தது, நல்ல உத்தரவு, கையெடுத்துக் கும்பிட்டேன். இலவசமாக ஏற பஸ் எங்கே? இப்போது பெரியம்மா ஷேர் ஆட்டோவுக்காக மெயின் ரோடு வரை ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறாள், முழங்காலில் கைவைத்து உட்கார்ந்து உட்கார்ந்து. எலி செத்து வருஷக்கணக்கு ஆகிறது, வீடு இன்னும் எரிகிறது.

தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார், கணக்கு வாத்தியார், தப்பாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பலாம். 6.10 பஸ்ஸைக் கேட்டு எழுதின மனு வாசலில் நோட்டோடு இருக்கிறது, போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா என்னுடையது, அங்கேயே வைத்துவிடுங்கள்.