பீடியில் வரும் வரி எவ்வளவு, போகும் பணம் எவ்வளவு?

(காட்சி: பெட்டிக்கடை, அடுக்கிய பீடிக்கட்டுகள்)

"பீடி சிகரெட் வரி இல்லாட்டி கவர்ன்மென்டே ஓடாது" என்று கடை வாசலில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சிகரெட்டை விடுங்கள். பீடியின் கணக்கை மட்டும் பார்ப்போம்.

(திரையில்: 417 கோடி | 80,550 கோடி)

2016-17இல் பீடி மீதான கலால் வரியாக வந்தது சுமார் 417 கோடி ரூபாய். பீடியால் வந்த நோயும் சாவும் 2017இல் ஏற்படுத்திய இழப்பு சுமார் 80,550 கோடி என்று பொருளாதார அறிஞர் ரிஜோ ஜான் கணக்கிட்டார். அதுவும் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்.

சரி, அவ்வளவும் அரசுப் பணமா? இல்லை. பெரும்பகுதி, படுத்துக் கிடந்ததாலும் சீக்கிரம் செத்ததாலும் போன சம்பாத்தியம். வைத்தியம் சார்ந்த நேரடிச் செலவு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கே வரியைப் போல 40 மடங்கு! அதில் பாதிக்கு மேல் நோயாளியே கைக்காசு போட்டார் என்று வைத்துக்கொண்டாலும், அரசுக்கு லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வரி ஒரே வரியில் பட்ஜெட்டில் தெரிகிறது. செலவோ நெஞ்சக நோய் வார்டு, ஆக்சிஜன் சிலிண்டர், காப்பீட்டுத் திட்டத்தில் வைத்த ஸ்டென்ட் என்று சிதறிக் கிடக்கிறது.

"சீக்கிரம் போனால் பென்ஷன் மிச்சம்" என்று வாதாடியவர்களும் உண்டு. செக் நாட்டில் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனி அப்படி ஓர் அறிக்கையே எழுத வைத்து, 2001இல் மன்னிப்புக் கேட்டது. நம்மூரில் பீடி குடிக்கும் கொத்தனாருக்கு ஏது பென்ஷன்? அவர் போனால் மனைவிக்கு விதவை உதவித்தொகையை அரசுதான் தர வேண்டும்.

(காட்சி: தென்காசிப் பக்கம், மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்)

அப்புறம் ஏன் பீடிக்கு இவ்வளவு சலுகை? இந்த அக்காவைக் காட்டித்தான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்த அதே கூட்டத்தில், பீடிக்கு 28ஐ 18 ஆகக் குறைத்தது. அவருக்குக் கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். வரி குறைந்தால் அது தானாக ஏறிவிடாது.

முன்பு பீடித் தொழிலாளர்களின் நலனுக்கென்றே பீடி மீது ஒரு செஸ், அதாவது தனி வரி, இருந்தது. அவர்களுக்கான முக்கூடல் மருத்துவமனை போன்றவையும், அவர்கள் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகையும் அந்த நிதியில்தான் நடந்தன. ஜிஎஸ்டி வந்தபோது, 2017இல், செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தச் செலவும் பொது பட்ஜெட்டின் தலையில்.