ழான் கலியா பேர் நிற்பது அவர் ஆடியதாலா, ஆட வைத்ததாலா? ‘ஆட வைத்ததாலே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணித் தலைவர் பிரெஞ்சு ரக்பி வீரர் கலியாவின் ஆட்டக் கணக்கை அழகாக வாசித்துவிட்டு உட்கார்ந்தார். ரக்பி யூனியனில் பிரான்சுக்காக 20 ஆட்டம், 1929இல் கியான் அணியோடு பிரெஞ்சுப் பட்டம், போதாததற்குக் குத்துச்சண்டைச் சாம்பியன். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் யூனியன் என்பது 15 பேர் ஆட்டம் ஐயா! வீரர்களைப் பணம் காட்டி இழுத்தார் என்று குற்றம் சாட்டி 1933இல் பிரெஞ்சு யூனியன் சங்கமே அவரை வெளியே தள்ளியது. நம் வழக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1933 டிசம்பர் 31, பாரிஸ், பெர்ஷிங் மைதானம். பிரிட்டனிலிருந்து வந்த அணியை ஆஸ்திரேலியா 63–13 என்று நொறுக்கியது. 13 பேர் ஆடும் ரக்பி லீக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்ணால் பார்த்தது அன்றுதான். அடுத்த மார்ச்சில் கலியா ஓர் அணியோடு இங்கிலாந்தில் இந்தப் புது ஆட்டத்தை 6 முறை ஆட வேண்டும். கையில் இருந்தவர்களோ யூனியனில் ஊறியவர்கள்.

என்ன பெரிய வித்தியாசம், இரண்டு பேர் குறைவு, அவ்வளவுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஸ்க்ரம் என்றால் இரு அணியும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்குப் போராடும் கூட்டம்; முட்டுபவர்கள் ஃபார்வர்டுகள், பின்னால் நிற்பவர்கள் பேக்குகள். குறைந்த இருவரும் அந்த ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டுகள். யூனியனில், ஸ்க்ரம்மிலிருந்து வரும் பந்தை எடுத்து ஆடும் எதிரணி ஹாஃப்-பேக் மேல் முதலில் பாய்பவர்கள் அவர்களே. அவர்கள் இல்லாததால் ஹாஃப்-பேக்குக்கு ஓட இடம் கிடைக்கும். நம் பக்கம் அதே ஓட்டை திறந்திருக்கும்; அதை இனி உள்ளே நிற்கும் பேக்குகளே ஆளை மடக்கி (டாக்கிள் செய்து) அடைக்க வேண்டும்.

அதைவிடக் கஷ்டம், மடக்கப்பட்ட பிறகு செய்வது. யூனியன்காரன் விழுந்ததும் பந்தைத் தன் ஆட்கள் பக்கம் விடுவான், கூட்டம் வந்து மேலே மோதும். லீக்கில் அந்தக் கூட்டமே கிடையாது. சட்டென்று எழ வேண்டும், எதிரணிக் கோட்டைப் பார்த்து நின்று பந்தைக் காலடியில் வைத்து, பாதத்தால் பின்னால் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எதிரே நிற்பவனும் காலை நீட்டிப் பந்தைப் பறிக்கலாம். அரை நொடி தூங்கினால் பந்து போச்சு. வருஷக்கணக்கில் உடம்பில் ஏறிய பழக்கத்தைச் சில வாரத்தில் மாற்றுவது மேடையில் பேசுவது போல் சுலபமா?

‘6இல் 5 தோற்றாரே, இதுவா பயிற்சி?’ என்று எதிரணி நண்பர்கள் கேட்டார்கள். ஸ்கோரைப் பாருங்கள்: விகன் என்ற இங்கிலாந்து அணியிடம் 27–30. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ஒரு ட்ரைக்கு 3 புள்ளிதான் கொடுத்த காலத்தில், ஆட்டத்தின் சொந்த மண்ணில் 27 எடுத்தார்கள் என்றால் தாக்குவது பிடிபட்டுவிட்டது, தடுப்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஹல் அணியை 26–23 என்று ஜெயித்தார்கள்! பிரெஞ்சு லீக் சங்கம் பிறந்தது 1934 ஏப்ரல் 6. ஒன்பதே நாளில் பாரிஸில் இங்கிலாந்தோடு முதல் சர்வதேச ஆட்டம், 21–32. அதில் அவரும் இறங்கினார்தான், ஆனால் 13இல் ஒருவர். மற்ற 12 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

1935இல் முதல் பிரெஞ்சு லீக் பட்டம் வில்நெவ் அணிக்கு. அங்கே அவர் வீரர், பயிற்சியாளர், இரண்டும். 1937இல் துலூஸ் ஒலிம்பிக் என்ற லீக் அணி தோன்றியதிலும் அவர் கை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரான்சின் விஷி அரசு இந்த ஆட்டத்தையே தடை செய்து சொத்தைப் பிடுங்கியது; போர் முடிந்ததும் மறுபடி எழுந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். 1949 ஜனவரியில் கலியா இறந்தார். 1951இல் பிரான்ஸ் ஆஸ்திரேலியாவுக்கே போய் டெஸ்ட் தொடரை 2–1 என்று வென்றது. அதில் அவர் ஒரு பந்தையும் தொடவில்லை. ஆட்டத்தால்தான் பேர் என்று சாதிக்கும் எதிரணி நண்பர்களே, அந்த வெற்றியை எந்தக் கணக்கில் எழுதப்போகிறீர்கள்?