ஆடிய கால் அமைத்த அரங்கு

அவையோருக்கு வணக்கம்.

ஜோடி நடனம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், டேங்கோ என்று வகைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இன்று ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. அவர் இங்கிலாந்து நடனக் கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான விக்டர் சில்வெஸ்டர். 1900இல் பிறந்தவர், வெம்ப்ளியில் பாதிரியாராக இருந்தவரின் மகன். முதல் உலகப் போர் மூண்டதும் வயதை மறைத்துப் படையில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை.

போர் முடிந்த இங்கிலாந்தில் நடனக் காய்ச்சல் பிடித்திருந்தது. பிளாக்பூல் நகரின் எம்ப்ரஸ் பால்ரூம் என்ற நடனக்கூடத்தில் 1920இல் தொடங்கிய நடன விழா இன்றும் நடக்கிறது. அந்தச் சூழலில்தான், 1922 டிசம்பரில், லண்டனில் நடந்த உலக பால்ரூம் நடனப் (கூடத்தில் ஆடும் ஜோடி நடனம்) போட்டியில் ஃபில்லிஸ் கிளார்க்குடன் ஆடி சில்வெஸ்டர் பட்டம் வென்றார். மெதுவான வால்ட்ஸில் வலப்பக்கம் திரும்பும் முழுச் சுற்றை அந்தப் போட்டியில்தான் அவர் ஆடிக் காட்டினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் சுற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அவருடைய பிற்கால வாழ்க்கை புரியும். வால்ட்ஸில் ஓர் ஆவர்த்தனத்துக்கு மூன்று அடிகள். முன்னால் போகிறவருக்கு முதல் அடி குதிகாலில் விழும். அது முடியும்போதே உடல் எழத் தொடங்கும். இரண்டாம் அடியில் முன்பாதத்தில் நின்று இன்னும் உயரும். மூன்றில் பாதங்கள் ஒன்றுசேரும், அப்புறம் மெல்ல இறங்கும். இன்றைய போட்டிகளில் நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தனம் என்பது கணக்கு. 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டே விநாடி. அதற்குள் எழவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். வாத்தியக்காரர்கள் உற்சாகத்தில் 36க்கு ஓட்டிவிட்டால் அந்த இரண்டு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு விநாடி பறிபோய்விடும். எழுந்தவருக்கு இறங்க நேரம் இருக்காது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் இளம் ஜோடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இசை திடீரென்று வேகம் பிடித்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது, ஆனால் பையனின் தோளில் வைத்திருந்த விரல்கள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அடுத்த திருப்பத்தில் கால் பிசகியது. மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகள். தவறு அவர்களுடையது இல்லை. அரங்கை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர்கூட அந்தத் தரையில் ஆடிப் பார்த்தவர் இல்லை என்று அன்று எனக்குப் பட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, சில்வெஸ்டரிடம் வருவோம். 1924இல் மறுபடி போட்டியிட்டார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. இதற்கிடையே லண்டனில் நடனப் பள்ளி திறந்தார். நடன ஆசிரியர்களின் இம்பீரியல் சங்கம் அமைத்த பால்ரூம் குழுவில் தொடக்க உறுப்பினராக இருந்து, எந்த அடியை எப்படி வைப்பது என்று வரையறுக்கும் வேலையில் இறங்கினார். 1927இல் புத்தகமும் எழுதினார்.

பள்ளி நடத்தியபோது ஒரு தொல்லை அவரை விடவே இல்லை. ஆடுவதற்கு ஏற்ற இசைத்தட்டு கிடைக்கவில்லை. கேட்க இனிமையாக இருந்தது காலுக்கு ஒத்துவரவில்லை. நாமும் கச்சேரியில் காலப்பிரமாணம் ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்போம், அதோடு விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. 1935இல் தானே ஒரு சிறிய இசைக்குழுவைத் திரட்டினார். அதில் வயலின் உண்டு, சாக்ஸபோன் உண்டு, இரண்டு பியானோக்கள் உண்டு. ஒரே விதிதான்: தொடங்கிய காலப்பிரமாணம் கடைசி வரை மாறக் கூடாது. 'ஸ்ட்ரிக்ட் டெம்போ' என்று அதற்குப் பெயர். மெட்டு தெளிவாகக் கேட்கும், தாளம் அசையாது. இதில் என்ன சுவை இருக்கிறது என்று கேட்ட இசை ரசிகர்கள் உண்டு. உட்கார்ந்து கேட்பவருக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த இசை உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்யப்பட்டதில்லை. அவருடைய இசைத்தட்டுகள் மொத்தம் ஏழரைக் கோடி விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனவர் என்று சிலர் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நம் மேடையில் ஆடி முடித்தவர் ஒருநாள் தாளத்தைக் கையில் எடுத்து நட்டுவாங்கம் செய்ய அமர்வதில்லையா? அவரும் அப்படித்தான் இடம் மாறி உட்கார்ந்தார். ஆடுபவரின் காலுக்கு எழவும் இறங்கவும் வேண்டிய அந்த நேரத்தை முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பேருக்கும் உறுதி செய்துகொடுத்தார். பின்னாளில் ராங்க் என்ற திரைப்பட நிறுவனத்தோடு சேர்ந்து 23 நடனப் பள்ளிகள் நடத்தினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வானொலி வேலை. 1941, போர்க்காலம். பிபிசியில் 'டான்சிங் கிளப்' தொடங்கியது. வானொலியில் நடனம் கற்றுக்கொடுப்பது என்றால் யோசித்துப் பாருங்கள், காலைக் காட்ட வழியே இல்லை! வெறும் வார்த்தையால் அடியை விளக்க வேண்டும். ஆண் எந்தக் காலை எடுப்பது, பெண் எந்தக் காலைப் பின்வைப்பது, எத்தனை எண்ணுவது என்று நிதானமாகச் சொல்வார். "ஸ்லோ, ஸ்லோ, குவிக் குவிக், ஸ்லோ." அந்த எண்ணிக்கையே அவருக்கு அடையாளம் ஆகிவிட்டது. 1948இல் நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கும் போனது, அது வேறு கதை. நான் நினைத்துப் பார்ப்பதெல்லாம் அந்த வானொலி இரவுகளைத்தான். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையில் கையை வைத்துக்கொண்டு, குரல் நின்று இசை தொடங்கும் அந்த நொடிக்காகக் காத்து நிற்கும் இரண்டு பேரை.