முந்திரித் தோப்பில் கழற்றிவைத்த செருப்பு

வணக்கம் நேயர்களே.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்யும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். நாற்பதைக் கடந்தவர். "நாலு படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். பச்சரிசியைக் கண்டா அள்ளித் திங்கத் தோணுது" என்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சத்து மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்றாம்.

"வயித்துல பூச்சி இருக்குமோ?" என்றேன். சிரித்துவிட்டார். "நான் என்ன சின்னப்புள்ளையா? வெளிக்குப் போறப்ப ஒண்ணும் வரலையே."

நாக்குப்பூச்சி நீளமானது, மலத்தோடு வந்தால் கண்ணில் படும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். சிறுகுடலின் சுவரைக் கவ்வி, ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். முட்டைகள் மட்டும் வெளியேறும். அவற்றை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். அந்த அம்மாவின் மலப் பரிசோதனையிலும் முட்டைகள் தெரிந்தன.

இது பெரும்பாலும் வாய்வழியாக வருவதில்லை. ஈர மண்ணில், நிழலில், மலம் விழுந்த இடத்தில் முட்டை பொரிகிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. 1890-களின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் கையில் இளம்புழுக்கள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள்! தோலில் நுழைந்த புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வருகிறது. வீட்டுக்குள் வர இத்தனை சுற்று!

நம் பக்கம் அதிகம் காணப்படும் வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்குப் போகும் ரத்தம் சுமார் 0.03 மில்லிலிட்டர். அற்பம்தான். நூறு புழு இருந்தால் 3 மில்லி. நல்ல ரத்தத்தில் 3 மில்லியில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். சாப்பாட்டிலிருந்து உடல் சாதாரணமாக எடுத்துக்கொள்வதே நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். வந்ததெல்லாம் போய்விடுகிறது, கீரையைக் குறை சொல்லி என்ன பயன்?

மருந்து எளிது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் தவிர்த்து, மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்காதீர்கள், வயலுக்கு அடிப்பதைத் தந்துவிடப் போகிறார்கள். "பூச்சி மாத்திரை" என்று கேளுங்கள். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். அதைக் காப்பி, டீயோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. மாதவிடாய் மிகுதி, மூலம் போன்ற வேறு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும்.

தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 2015 முதல் இந்த மாத்திரை தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நாற்பது வயதில் தோப்புக்குப் போகிறவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மூன்று மாதத்தில் அந்த அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 10-க்கு ஏறிவிட்டது. மாத்திரை இருக்கிற புழுவைக் கொல்லும், அடுத்தது நுழைவதைத் தடுக்காது. செருப்புப் போடுகிறீர்களா என்று கேட்டேன். "போடுறேன் டாக்டர், தோப்புலதான் கழட்டி வச்சிடுவேன். வீட்டுல கக்கூஸும் இருக்கு. தோப்புல யாரு கட்டித் தருவா? காலையில ஆறு மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தானே திரும்புறோம்."