கணினிக்கு வரும் மூட்டுவலி

நேயர்களுக்கு என் வணக்கம். தண்டையார்பேட்டையில் கணினிகளைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வருபவர்களில் பலர், "சார், மெஷின் செத்துப்போச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் செத்திருக்காது. ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சேரும் இடம் தளர்ந்திருக்கும், அல்லது அங்கே உப்புப் பூத்திருக்கும், அல்லது தூசி அடைத்திருக்கும். வயது ஏறினால் மனிதருக்கு முழங்கால் முதலில் குரல் கொடுப்பதைப் போலக் கணினிக்கும் மூட்டுகளே முதலில் வலிக்கின்றன. அந்த மூட்டுகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் பெட்டிக்குள் இருப்பவர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர்தான் செயலி, அதாவது பிராசசர். அவர் முன்னால் துணிகளை விரித்துப் போடும் மேசை, ராம் என்னும் நினைவகம். மாடியிலிருக்கும் குடோன், ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம். இரவு கடையை மூடும்போது மேசையில் எதுவும் இருக்காது, குடோனில் எல்லாம் இருக்கும்; மின்சாரம் நின்றால் ராமில் இருப்பது அழிவதும் டிஸ்க்கில் இருப்பது நிலைப்பதும் இதைப் போன்றதே. இவர்கள் அனைவரையும் இணைக்கும் கட்டடம் மதர்போர்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி. முழுக் கேபினட்டையுமே "சிபியு" என்று அழைப்பது நம் ஊர் வழக்கம். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது உள்ளே இருக்கும் தீப்பெட்டி அளவுச் சில்லு மட்டும்தான். ஆனால் வழக்கத்தோடு சண்டை போட்டு நான் ஒருமுறையும் வென்றதில்லை.

பழைய கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் விற்பனையாளரைக் குறை சொல்லாதீர்கள். குடோனுக்கு ஓடும் பையனைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அதன் மேல் ஓர் ஊசிமுனைக் கை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணினிகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன. அவற்றில் டிஸ்க்கை மட்டும் மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தினால், குப்பைக்குப் போகவிருந்தது கல்லூரிக்குப் போகிறது.

இனி மூட்டுகளுக்கு வருகிறேன். காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் என்று கடலையொட்டி வாழ்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை; ஜன்னல் கம்பியே சாட்சி. ராம் பலகையின் அடிவிளிம்பில் வரிசையாகத் தெரியும் மஞ்சள் நிறப் பட்டைகளில் தங்கமுலாம் பூசியிருக்கும். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது, அதிலுள்ள நுண்துளைகள் வழியே ஈரமும் உப்பும் அடியிலுள்ள உலோகத்தை அடைந்துவிடுகின்றன. அதன்பின் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. சில கணினிகள் தொடர்ந்து "பீப்" என்று கத்தவும் செய்யும். அப்போது மின்சாரச் செருகியை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தீர்த்து, உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கக் கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொண்டு, ராமைக் கழற்றிப் பட்டைகளை மென்மையான பென்சில் ரப்பரால் இலேசாகத் துடையுங்கள். ரப்பர்த் துகள்களைத் தட்டிவிட்டு, இரு பக்கமும் "டிக்" என்று கேட்கும்வரை திரும்பச் செருகுங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மகனின் கணினியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். புது மதர்போர்டு வாங்க வேண்டும் என்று வேறெங்கோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைசியில் அவருக்கு ஆன செலவு ஆட்டோக் கூலிதான்.

பெட்டிக்கு வெளியே இருக்கும் துளைகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திரைக்கான படத்தை வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டைத் தனியாக வாங்கிப் போட்டவர்கள் மானிட்டர் ஒயரைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டின் துளையிலேயே செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று வருவார்கள். ஒயரைக் கார்டின் துளைக்கு மாற்றினால் சரியாகிவிடும். அடுத்தது யு.எஸ்.பி. 1996-இல் வந்த இந்த இணைப்பு, 2014-இல் டைப்-சி என்னும் நீள்வட்ட வடிவம் பெற்றது. எப்படித் திருப்பினாலும் நுழையும் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதால் திறனும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. போனோடு வரும் டைப்-சி ஒயர்களில் பல, நொடிக்கு 480 மெகாபிட் என்னும் பழைய யு.எஸ்.பி. 2.0 வேகத்தையே தரும். அதன் வழியாக மானிட்டருக்குப் படம் போகாது. இன்னொரு வேடிக்கை: யு.எஸ்.பி. 3.0 துளையும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும். ஒயரில்லா மவுஸ்கள் பலவும் பேசுவது அதே பகுதியில்தான். அந்த மவுசின் சிக்னலை வாங்கும் குட்டிக் குமிழைப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தால் மவுஸ் திக்கித் திக்கி நகரும். மவுஸ் பழுது என்று எறிந்துவிடாமல், குமிழைச் சற்றுத் தள்ளிச் செருகிப் பாருங்கள்.

நானும் இந்தப் பாடத்தைப் படித்தவன்தான், அதுவும் பிறர் பணத்தில். இராயபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நொடிக்கு 300 மெகாபிட் இணைய இணைப்புக்குப் பணம் கட்டிவந்தார். கணினியில் 94-க்கு மேல் ஏறவே இல்லை. வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ரௌட்டர் என்னும் பெட்டி பழையது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தேன். மறுவாரமும் அதே 94. பிறகுதான் ரௌட்டருக்கும் கணினிக்கும் இடையே ஓடும் லான் கேபிளைப் பார்த்தேன். அதற்குள் இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். கிரிம்பிங் செய்தவர், அதாவது கேபிளின் முனையில் செருகியை அழுத்திப் பொருத்தியவர், பழுப்பு நிறக் கம்பியைச் சரியாக அழுத்தாததால், இரு முனைகளும் தமக்குள் பேசி, இருப்பதை வைத்து நடத்துவோம் என்று 100-க்கு இறங்கிவிட்டன. கேபிளே அறவே அறுந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். அரைகுறையாக இருந்ததால்தான் ஏமாந்தேன். ரௌட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். டீச்சர் என்னைத் திட்டாததுதான் கூடுதல் தண்டனை. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எட்டுப் பிட்டுகள் சேர்ந்து ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு படத்தை இறக்கும்போது நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. அது ஏமாற்று அன்று, வகுத்தல் கணக்கு.

இப்போது கண்ணுக்குத் தெரியாத மூட்டு, வை-ஃபை. வீட்டுக்குள் இணையம் வருவது தலைமுடி போன்ற கண்ணாடி இழையில் ஒளியாக. அதை மின்குறிகளாக மாற்றுவது சுவரில் மாட்டிய பெட்டி. அதையே வானொலி அலையாக்கிப் போனுக்கு அனுப்புவது ரௌட்டர். பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். போனில் தெரியும் வை-ஃபை கோடுகள் ரௌட்டருக்கும் போனுக்கும் இடையிலான சிக்னலின் வலுவை மட்டுமே காட்டுகின்றன; தெருவிலிருந்து ரௌட்டர் வரை என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. கோடுகள் முழுதாக இருந்தும் நெட் வரவில்லை என்றால் பெட்டியில் "லாஸ்" என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. இழை எங்காவது மடங்கியிருக்கும், அல்லது அதன் முனை கழன்றிருக்கும். புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

வை-ஃபையும் வானொலியின் தம்பிதான். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் ஓர் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். நம் வீட்டுப் பீரோ அதற்கு ஒரு பொருட்டே அன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதி. இவ்வளவு குட்டையான அலைக்கு இரும்புப் பீரோ ஒரு கோட்டைச் சுவர். தகரக் கூரை அதைத் திருப்பி அனுப்பும், பரணில் நிறைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி விழுங்கிவிடும். ரௌட்டரைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நெட் சரியில்லை என்று சொல்லும் வீடுகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த சிக்கல் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்க, ஒவ்வொரு ரௌட்டரும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்வதால், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நிற்க வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. வாரியக் குடியிருப்பில் ஒரு மாடியில் நின்று போனைத் திறந்தால் இருபது பெயர்கள் வரிசை கட்டும். அத்தனை பேருக்கும் குழாய் மூன்றுதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, சத்தம் ஓய்ந்த பிறகு சிறிது பொறுத்து வாய் திறக்க வேண்டும் என்பதே வை-ஃபையின் விதி. குடம் வைத்து நின்றவர்களுக்கு இது புரியும்: மெல்லிய டியூபைச் சொருகி டிரம் நிரப்புபவர் ஒருவர் முன்னால் நின்றால் பின்னால் இருப்பவர் எல்லோருக்கும் தாமதம். தொலைவில் மங்கலான சிக்னலில் கிடக்கும் பழைய போன் அந்த டிரம்காரர். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் குழாய்கள் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறைவு. ஆகவே ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உள்ள டிவியையும் மடிக்கணினியையும் 5-க்கு மாற்றிவிட்டு, தொலைவில் இருப்பவற்றுக்கு 2.4-ஐ விட்டுவைப்பது நல்லது.

நம் பகுதி வீடுகள் பல, முகம் குறுகி முதுகு நீண்டவை. இழை தெருவாசலில் நுழையும், பிள்ளைகள் படிப்பது கடைசி அறையில். இதற்கு ரிப்பீட்டர் வாங்க வேண்டாம் என்பேன். பெரும்பாலான மலிவு ரிப்பீட்டர்கள் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்குப் பதிலாகச் சுவரோரமாக ஒரு லான் கேபிளை இழுங்கள். 100 மீட்டர் வரை அது தளராது. பின் முனையில், மூலையில் கிடக்கும் பழைய ரௌட்டரைப் பொருத்துங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி. என்னும் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு ரௌட்டர்களுக்கும் ஒரே முகவரி எண் வராதபடி பழையதன் எண்ணை மாற்றிவிட்டு, கேபிளை, வெளியிலிருந்து இணையம் நுழைவதற்கான "வான்" துளையில் செருகாமல் "லான்" துளைகளில் ஒன்றில் செருகுங்கள். முன்னறை ரௌட்டர் சேனல் 1-இல் இருந்தால் இதை 11-இல் வையுங்கள். கிரிம்பிங் செய்பவரிடம் எட்டுக் கம்பியும் பிடித்திருக்கிறதா என்று டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.